மழைக்குள் பூட்டிவைத்த தோல்வார்

எனக்கு எண்பத்து நாலு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றவை, இரண்டு கொழுந்தன் விட்டுப்போனவை. ஏழில் ஒன்றும் அடுத்தவர் வாசலில் போய்க் கை நீட்டியதில்லை. என் படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. எழுத்துக் கூட்ட வரும், அது போதும். ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் எழுதுகிறேன்.

சண்டிலிப்பாயில் என் சீதனக் காணியில் என் புருசனும் என் அண்ணையும் கூட்டாகத் தச்சுப் பட்டறை வைத்திருந்தார்கள். சப்பான்காரன் குண்டு போடுவான் என்று சனம் பயந்த காலத்துக்குச் சில வருடம் முந்தி, கொழும்பிலிருந்து ஒரு வட்டவாள் மிசினும் அதை ஓட்ட ஒரு மண்ணெண்ணெய் எஞ்சினும் ரயிலில் வந்து இறங்கின. எஞ்சின் சில்லிலிருந்து வாளின் சில்லுக்கு நீளமாக ஒரு தோல்வார் போகும். அது சுற்றினால்தான் வாள் சுற்றும். அதற்கு முன் எல்லாம் கைவாள்தான். மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று இழுப்பார்கள்.

ஆம்பிளைகளுக்கு மிசினை ஓட்டத் தெரிந்தது. அது காற்றையும் மழையையும் குடிக்கும் என்று தெரியவில்லை. கோடையில் சோளகக் காற்று அடித்தால் செம்மண் புழுதி எண்ணெய்த் துளைகளை அடைக்கும். வார் காய்ந்து இறுகி எஞ்சினுக்கு மூச்சு முட்டும். மாரியில் வாடை தொடங்கினால் தோல் ஈரத்தை இழுத்துத் தளர்ந்துபோகும். சில்லில் வழுக்கும். பலகையும் ஊறி வாளைக் கவ்வும். இரும்பு மேசையில் ஒரே இரவில் துரு ஏறும்.

எனக்கு இதைச் சொன்னது என் உப்புப் பானை. ஒருநாள் காலை உப்புக் கசிந்து கிடந்தது. மத்தியானம் மிசின் பலகைக்குள் நின்றுவிட்டது. அடுத்த முறையும் அப்படியே. அதற்குப் பிறகு உப்புக் கசிகிற நாளெல்லாம் வேலை முடிந்ததும் நான் போய் வாரைக் கழற்றுவேன். துணியால் துடைத்து, ஆமணக்கெண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, அடுப்புச் சூடு நேரே படாமல் குசினிப் பரணில் வைப்பேன். மேசைக்கு எண்ணெய்த் துணி போடுவேன். மற்ற ஊர்த் தச்சர்கள் வந்து, "மாரியிலையும் உங்கடை வாள் எப்பிடி நிக்காமல் ஓடுது?" என்று கேட்டால், என் புருசன் மீசையைத் தடவிக்கொண்டு, "அது கைப்பழக்கம்" என்பார். நான் உள்ளே சிரித்துக்கொள்வேன். என் புருசனுக்குப் பெயர் வந்தால் எனக்கும்தானே என்று நினைத்தேன்.

இரண்டாம் வருட நவராத்திரி வந்தது. கடைசி மூன்று நாளும் மிசினைப் பூசையில் வைத்துப் பட்டறையைப் பூட்டவேண்டும், விசயதசமியன்று திறந்து முதல் பலகை அறுக்கவேண்டும் என்று அண்ணை சொன்னார். வாள் மேசைக்கு முன்னால் கும்பம் வைத்தார்கள். இரும்பில் விபூதியைக் குழைத்து மூன்று குறி இழுத்தார்கள். சந்தனமும் தடவினார்கள். அன்று காலையே என் உப்புப் பானை கசிந்து வடிந்தது.

"அண்ணை, மழை வரப்போகுது. வாரைக் கழட்டி, மேசைக்கு எண்ணெய் பூசிப்போட்டு வையுங்கோ" என்றேன்.

அண்ணை சிரித்தார். "வாரில்லாமல் வைக்கிறதோ? கை கால் இல்லாத பிள்ளையைச் சாமிக்கு முன்னாலை இருத்தினமாதிரியெல்லோ இருக்கும். நீ போய் உன்ரை உப்பைக் கறிக்குப் போடு, தங்கச்சி."

கிணற்றடியில் புருசனைப் பிடித்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "இண்டைப் பூசை முடிய நான் கழட்டி வைக்கிறன். மச்சானுக்குச் சொல்லாதை. பூட்டின்ரை திறப்பு என்ரை இடுப்பிலைதான் இருக்கும்" என்றார்.

"மறந்திடாதையுங்கோ."

"நான் என்ன குழந்தைப்பிள்ளையே?"

மூன்று நாளும் மழை. இரண்டாம் நாள் சோறு போடும்போது, "கழட்டினியளோ?" என்று கேட்டேன். "ஓம், ஓம்" என்றார். நம்பினேன்.

விசயதசமியன்று பட்டறை வாசலில் பதினைந்து பேருக்கு மேல். தன் வீட்டுக் கதவுக்கு முதல் பலகை அறுபடுவதைப் பார்க்க இணுவிலிலிருந்து ஒரு பெரிய மனுசர் வந்திருந்தார். திறந்தார்கள். நான் வாசலில் நின்றே கண்டுவிட்டேன். மேசையில் வெள்ளையாய் இழுத்த மூன்று குறியும் சிவப்புத் துருவாய்க் கிடந்தன. வார் கழற்றப்படவேயில்லை. கன்று குடித்து முடித்த மடி மாதிரித் தொங்கியது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

எஞ்சின் ஓடியது, வாள் அசையவில்லை. வார் வழுக்கித் தோல் கருகும் மணம் வந்தது.

"உது வாளே, நொண்டி மாடே? நல்ல நேரம் போகுது" என்றார் இணுவில்காரர். சனம் சிரித்தது.

அண்ணைக்கு முகம் கறுத்தது. "எஞ்சினைப் பின்னாலை இழு மச்சான், வார் இறுகட்டும்."

"இழுக்காதையுங்கோ! ஈரத் தோல் பிய்யும்!" என்று கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. அலவாங்கு போட்டு நெம்பி இழுத்தார்கள். வாள் நாலு சுற்றுச் சுற்றியிருக்கும். தைத்த இடத்தில் வார் பிய்ந்து, அதன் வால் பறந்து போய்க் கும்பத்தில் அடித்தது. தேங்காய் ஒரு பக்கம், மாவிலை ஒரு பக்கம், நிலமெல்லாம் தண்ணீர்.

விசயதசமியில் கும்பம் உடைந்தால் எங்கள் ஆட்கள் தோலையோ மழையையோ யோசிக்க மாட்டார்கள். ஆர் செய்த குற்றம் என்றுதான் தேடுவார்கள். அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"நீதானே நெடுக மிசினைத் தொடுறனி. துடக்கோடை உள்ளுக்கை போனியோ?"

அவ்வளவு ஆம்பிளைகளுக்கு முன்னால், கூடப் பிறந்தவர் கேட்ட கேள்வி. மறுமொழி என் புருசனிடம் இருந்தது. திறப்பு அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க நான் சமைத்த சோற்றைத்தான் அவர் தின்றார். துடக்கென்றால், மாதத் தீட்டென்றால், நான் குசினிக்குள் போவேனா? இரண்டும் அவருக்குத் தெரியும். ஒரு சொல் போதும். காத்து நின்றேன்.

அவர் நிலத்தில் ஓடிய தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்: "அவளுக்கு மிசினிலை ஒரு ஆசை, மச்சான். எத்தினைதரம் சொல்லிப்போட்டன். கேட்டால்தானே."

துடக்கைக் கழித்துவிட வேண்டுமென்று மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். துருப்பிடித்த மேசையில் இன்னும் ஒரு செம்புத் தண்ணீர்! இனி உள்ளே வரவேண்டாம் என்று, என் காணியில் நின்றே அண்ணை எனக்குச் சொன்னார். நானும் அதற்குப் பிறகு பட்டறைக்குள் போகவில்லை.

புது வார் வந்தது. அந்த மாரி முடிவதற்குள் அதுவும் நீண்டுபோனது. கார்த்திகையில் ஒருநாள் அவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"உப்புக் கசியுதோ?"

"மச்சானைக் கேளுங்கோ."

இப்போது சொல்வார், அந்தப் பிழை என்னுடையது என்று சொல்வார் என்று நினைத்தேன். "ஒருக்கா உள்ளுக்கை வந்து வாரைப் பாரன்" என்றார்.

"துடக்கு" என்றேன். போய்விட்டார்.

அதற்குப் பிறகும் முப்பது வருடம் அவருக்குச் சோறு போட்டேன், குறை வைக்கவில்லை. கடைசியாய்ப் படுத்திருந்தபோது, "நீ கெட்டிக்காரி" என்றார். நான் அவரிடம் கேட்டது அதுவல்ல. என் பெண்களுக்குச் சம்பந்தம் பேசப் போன வீடுகளில், கும்பம் உடைத்தவளின் பிள்ளைகள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதையும் அவர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டு வெற்றிலை போட்டார்.

போன கிழமை என் மகனே விருந்தாளிகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தான், அம்மா மிசினைத் தொட்டுக் கும்பம் உடைந்த கதை என்று. அதனால்தான் எழுதுவதற்கு அவனுடைய மகளின், என் பேத்தியின், கொப்பியை வாங்கினேன்.

இந்தா பிள்ளை, பிடி. கண் தெரியவில்லை, எழுத்துக் கோட்டைத் தாண்டியிருக்கும். முதலிலிருந்து வேண்டாம். திறப்பு ஆரின்ரை இடுப்பிலை இருந்தது எண்டு எழுதின இடத்திலையிருந்து வாசி. மெல்லமாய் வாசியாதை, முற்றத்திலை இருக்கிற உன்ரை அப்பருக்கும் கேக்கவேணும்.