சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகள்

மரபணு ஆய்வில் என் வேலை களையெடுப்பது. நீரிழிவுக்கும் மரபணுவுக்கும் என்ன தொடர்பு என்று தேடுவதற்கு முன், வந்த தரவில் எது கெட்டது, எது ஆள் மாறியது என்று பார்த்து நீக்க வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. குப்பையை உள்ளே விட்டால் எந்த மேதையாலும் உண்மையைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒருமுறை, சிங்கப்பூர்த் தமிழர்கள் கூடும் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ரத்தத்தின் தரவு வந்தது. இங்கேயே பிடோக் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த என் சக ஊழியை திரையைக் காட்டினாள்.

"அக்கா, இவங்க டேட்டா சரியில்ல லா. அம்மாகிட்டேருந்து வந்ததும் அப்பாகிட்டேருந்து வந்ததும் ரொம்ப ஒரே மாதிரி இருக்கு. தூக்கிடலாமா?"

பார்த்தேன். அத்தனை பேரும் தமிழர்கள். சுருக்கென்று கோபம் வந்தது. மரபணுவைப் படிக்கும் இயந்திரம் தவறியிருந்தால் அந்த ஒற்றுமை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். இங்கே நீள நீளமாக, விட்டுப்போகாமல் ஓடியது. தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும். எனக்கும் இருக்கும். என் அம்மா கட்டியது தன் சொந்த மாமாவை.

கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். ஆய்வுத் தலைவர் ஒரு சீன டாக்டர், நல்ல மனிதர். தலையாட்டினார். ஆனால் உங்கள் ஒரு குடும்பத்தை வைத்து எப்படிச் சொல்வது, ஆய்விதழ்க்காரர்கள் கேள்வி கேட்பார்கள், நீக்கிவிடுவதே பாதுகாப்பு என்றார். இவர்களை நீக்கினால் தமிழர்கள் பெயருக்குத்தான் மிஞ்சுவார்கள், நாளை இதே ஆய்வை நம்பித்தான் எங்கள் ஆட்களுக்கும் வைத்தியம் பார்ப்பீர்கள் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அப்போது அந்த பிடோக் பெண் கையைத் தூக்கினாள். தன் அப்பாவும் அம்மாவுக்கு அத்தை மகன்தான், கேலிக்குப் பயந்து பள்ளிக்கூடத்தில்கூட யாரிடமும் சொன்னதில்லை என்றாள். "என்னைப் பார்த்தால் கெட்டுப்போன தரவு மாதிரியா இருக்கிறது?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்க, டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு நீள நீளமாக ஓடிய அந்த ஒற்றுமைகளை மறுபடி காட்டச் சொல்லி, ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தார். இப்படிப்பட்டவர்களை நீக்கச் சொல்லும் விதியை மாற்றுங்கள் என்றார்.

அவளே உட்கார்ந்து விதியை மாற்றி, தரவை மறுபடி ஓட்டினாள். நான் பெருமையோடு அவள் பின்னால் நின்று பார்த்தேன்.

"அக்கா, யாரையும் தூக்கல லா," என்றாள். "எல்லாரும் உள்ளதான் இருக்காங்க."