மாஸ்டர் நிறுத்தாத கார்

அந்த ஊரில் யாருடைய கார் எங்கே நின்றாலும் மாஸ்டரே வந்து நிறுத்திவிட்டுப் போனதுபோல இருக்கும். ஓரக்கல்லிலிருந்து ஒரு சாண் தள்ளி, சக்கரம் நேராக, நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். காரணம் ரொம்ப எளிது. ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர் ஒருவர்தான். பல் டாக்டரம்மா அவருடைய மாணவி. இரும்புக்கடைக்காரரும் போட்டோ ஸ்டூடியோக்காரரும் மாணவர்கள். தப்பாக நிறுத்திய வண்டிகளுக்கு அபராதச் சீட்டு எழுதும் விசில்கூட அவருடைய மாணவன்தான். எதற்கெடுத்தாலும் விசில் ஊதுவதால் அவனுக்கு அந்தப் பெயர். இருமல் வந்தால்கூட ஊதிவிட்டுத்தான் இருமுவான்.

மாஸ்டரின் முதல் பாடம் ஒன்றே ஒன்றுதான்: ரிவர்ஸ் எடுக்கும்போது கழுத்தைத் திருப்பாதே, கண்ணாடியை நம்பு. ஊர் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. தெருவில் நடந்துபோகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். பக்கத்தில் ஏதாவது கடைக் கண்ணாடி இருக்கிறதா என்று தேடுவார்.

மாஸ்டருக்கு இன்னொரு வியாதியும் உண்டு. அவருடைய மஞ்சள் காரில், பக்கத்து இருக்கையில் உட்காருகிறவருக்கும் ஒரு பிரேக் இருக்கிறது. மாணவன் சொதப்பினால் மிதிப்பதற்கு. வருடக்கணக்காக அதை மிதித்து மிதித்து அவர் வலது கால் தனியாக ஒரு புத்தி வளர்த்துக்கொண்டது. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதும் தரையை மிதிக்கும். பல் டாக்டரம்மா ஊசியோடு நெருங்கி வந்தாலும் மிதிக்கும்.

இப்பேர்ப்பட்டவருடைய காரின் வைப்பருக்கு அடியில் ஒருநாள் காலையில் ஒரு சீட்டு இருந்தது. நேற்று மதியம், கடைத்தெருவில், தபால் பெட்டிக்கும் தீயணைப்புக் குழாய்க்கும் நடுவே, நிறுத்தக்கூடாத இடத்தில் வண்டி நின்றதாம். நேற்று மதியமா? வகுப்பில்லாத நாள்; சாப்பிட்டுவிட்டு இருட்டும் வரைக்கும் அவர் குறட்டை விட்டதற்குப் பக்கத்து வீடே சாட்சி.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். சீட்டை அவர் முன்னால் நீட்டினார் மாஸ்டர்.

"ஓ, அதுவா?" என்றார் மனைவி. "சோப்பு விளம்பரம்னு நினைச்சு விட்டுட்டேன். நான்தாங்க நிறுத்தினேன். குக்கருக்கு ரப்பர் வாங்கப் போனேன். நீங்க தூங்கிட்டு இருந்தீங்க."

மாஸ்டர் அவரை உருக்கத்தோடு பார்த்தார். கல்யாணமான புதிதில் மனைவிக்கு ஒரே ஒருநாள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். வண்டி நேராக எதிர்வீட்டு வேலிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. "உனக்கு ரிவர்ஸ் வராது" என்று அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். வண்டி முன்பக்கமாகத்தான் வேலிக்குள் போனது என்பது வேறு விஷயம்.

"உனக்கு எப்பவுமே நல்ல மனசும்மா. ஆனா எனக்காக நீ பழியை ஏத்துக்க வேணாம்."

"பழி இல்லீங்க, ரப்பர்" என்றார் மனைவி. சமையலறையில் குக்கர் ஒருமுறை கூவி அதை ஆமோதித்தது. மாஸ்டர் காதில் விழவில்லை.

நேராக விசிலிடம் போனார். விசில் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"மாஸ்டர், மனசைத் தொட்டுச் சொல்றேன், எழுத கையே வரல. இங்க பாருங்க." போனில் படத்தைக் காட்டினான். இந்தப் பக்கம் தபால் பெட்டி, அந்தப் பக்கம் குழாய், நடுவே மஞ்சள் கார். ஒரு கார்டைச் செருகக்கூட இடைவெளி இல்லை. "இந்த ஊர்ல வேற யாரால முடியும்? மூணு போட்டோ எடுத்தேன். ஒண்ணு ஆபீசுக்கு, மத்த ரெண்டும் எனக்கு."

மாஸ்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அவரால் முடியாது. இவ்வளவு சின்ன இடத்தில் மூக்கை நுழைக்கவே அவர் யோசிப்பார். ஆனால் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

"அபராதத்தைக் கட்டிட்டா தீர்ந்துபோச்சு மாஸ்டர்."

தீராது. அங்கேதான் சிக்கல். ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் பேரில் ஒரே ஒரு சீட்டு நிலைத்துவிட்டாலும் பள்ளிக்கு அந்த வருடம் உரிமம் புதுப்பிக்க மாட்டார்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். புதுப்பிக்கும் நாளோ அடுத்த மாதம். காரின் தலையில் இருக்கும் பள்ளிப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு என்ன செய்வது?

"அப்ப ஆட்சேபம் பண்ணுங்க" என்றான் விசில். "பின்பக்கம் போட்டிருக்கு பாருங்க. கமிட்டி கூடும், நீங்க வந்து உங்க நியாயத்தைச் சொல்லலாம். எனக்கு எதிராத்தான் பேசணும். நல்லாப் பேசுங்க, நான் தப்பா நினைச்சுக்க மாட்டேன்."

அதற்குள் படம் ஸ்டூடியோ ஜன்னலில் சட்டம் போட்டு ஏறிவிட்டது. தெருவில் போகிறவர்கள் மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "இந்த வயசுலயும் இப்படி ஒரு துல்லியமா" என்று ஒருவர் கண்கலங்கினார். மறுக்கத்தான் மாஸ்டர் வாயைத் திறந்தார். ஆனால் புகழ் விலாசம் தப்பி வந்தாலும் அதைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனசு வரும்? "ஏதோ பழக்கம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கமிட்டி நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் கூடியது. பெரியவர்கள் அறையில் கூரை ஒழுகியது. ஆகவே தலைவி பல் டாக்டரம்மாவும் உறுப்பினர்கள் இரும்புக்கடைக்காரரும் ஸ்டூடியோக்காரரும் முழங்கால் தாடையைத் தொட, குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே காகிதத்தில் வெட்டிய ஒட்டகச்சிவிங்கி ஒன்று நீதி தேவதைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டரின் மனைவி ஓரமாக, எழுத்துப் பலகைகளுக்குப் பக்கத்தில், ஒரு பையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க மாஸ்டர்" என்றார் டாக்டரம்மா.

"வண்டியை நான் நிறுத்தல. திருடன் நிறுத்தினான்."

"திருடனா?"

"நான் தூங்கும்போது எடுத்துட்டுப் போயிருக்கான்."

"திரும்பக் கொண்டுவந்து வச்சுட்டானே மாஸ்டர்."

"வச்சான். பெட்ரோலும் போட்டிருக்கான். முன் கண்ணாடித் தூசியைத் துடைச்சிருக்கான். அதுமட்டுமில்ல, டிரைவர் சீட்டை முழுசா முன்னாடி தள்ளியிருக்கான். இதுலேர்ந்து என்ன தெரியுது? ஆள் குள்ளம்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். "சுத்தமான, குள்ளமான, பெட்ரோல் போடுற திருடன்."

பட்டாணி உரிக்கும் சத்தம் நின்றது. மாஸ்டரின் மனைவி எழுந்தார். எழுந்தது பக்கத்தில் இருந்தவர்களுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது, அவர் உயரம் அவ்வளவுதான்.

"திருடன்னு சொல்லாதீங்க. நான்தான் போனேன். லைசென்ஸ் இருக்கு, எங்க அக்கா ஊருக்குப் போனப்ப எடுத்தேன்." கைப்பையிலிருந்து எடுத்துக் குட்டி மேஜையில் வைத்தார். "இதோ இவர் கடையிலதான் ரப்பர் வாங்கினேன்."

இரும்புக்கடைக்காரர் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "ஆமாக்கா. வாங்கினீங்க. நீங்க நடந்து வந்திருப்பீங்கன்னு நினைச்சேன்."

"கைல சாவி வச்சிருந்தேனே தம்பி."

"மாஸ்டர் வீட்டுச் சாவிக்கொத்துன்னு நினைச்சேன்."

"இவ எனக்காகச் சொல்றா" என்றார் மாஸ்டர் தழுதழுத்து. "இவளுக்கு ரிவர்ஸ் வராது."

டாக்டரம்மா படத்தையும் மாஸ்டரின் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குட்டி நாற்காலியிலிருந்து எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. அதைப் பிரித்து எடுத்தபின் தீர்ப்பு வந்தது: எல்லோரும் இடத்துக்குப் போவது, இருவரும் நிறுத்திக் காட்டுவது. "முதல்ல மாஸ்டர். உங்களால முடிஞ்சா சீட்டு உங்க பேர்ல நிக்கும். முடியலைன்னா நீங்க நிறுத்தல, தள்ளுபடி."

தோற்றால் ஜெயம். இதைவிடச் சுலபமான பரீட்சை உலகத்தில் உண்டா? ஆனால் கடைத்தெரு முழுக்க ஆட்கள். முடிவெட்டுகிறவர் பாதித் தலையோடு ஒருவரை விட்டுவிட்டு வந்திருந்தார். அந்தப் பாதித் தலையும் கூடவே வந்திருந்தது. எல்லோரும் கண்ணாடியை நம்பிப் பிழைப்பவர்கள். அவர்கள் முன்னால் வேண்டுமென்றே சொதப்ப மாஸ்டரின் கை எப்படி வளையும்? வண்டியில் ஏறினார். பள்ளிக்கூடமே போனாலும் போகட்டும் என்று, மனதார, முழு மூச்சோடு, ஜெயிக்கவே முயன்றார்.

முடியவில்லை. முதல் தடவை வால் வெளியே நின்றது. இரண்டாம் தடவை தலை வெளியே நின்றது. மூன்றாம் தடவை, கண்ணாடியில் எல்லாம் சரியாகத் தெரிந்துகொண்டிருந்தபோதே, தபால் பெட்டி டங்கென்று ஒரு வார்த்தை சொன்னது.

கூட்டம் மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்தது. கழுத்தைத் திருப்பாமல்தான்.

"தள்ளுபடி" என்றார் டாக்டரம்மா மெதுவாக. பல்லைப் பிடுங்கியபின் சொல்கிற குரல். பள்ளி தப்பியது. மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்து இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்தார். இறங்கினால் எல்லோரையும் பார்க்கவேண்டியிருக்கும்.

மனைவி ஏறினார். டிரைவர் சீட்டை முன்னால் தள்ளினார். பிறகு ஊர் இதுவரை பார்த்திராத ஒரு காரியத்தைச் செய்தார்: கழுத்தை முழுசாகப் பின்னால் திருப்பினார். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

வண்டி நகரவில்லை.

"என்னங்க."

"ம்."

"காலை எடுங்க."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். வலது கால் தன்னிஷ்டத்துக்குப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. கையால் தூக்கி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வண்டி பின்னால் போனது, ஒருமுறை திரும்பியது, நின்றது. அவ்வளவுதான். இந்தப் பக்கம் தபால் பெட்டி, அந்தப் பக்கம் குழாய்.

"எங்க கத்துக்கிட்ட?" என்றார் மாஸ்டர்.

"இந்த வண்டியிலதான். பொண்ணுங்க கத்துக்க வந்தா, நீயும் கூட வாம்மான்னு என்னைப் பின் சீட்ல உட்கார வைப்பீங்களே. முன்னாடி உங்க ரெண்டு பேர் தலையும் மறைக்கும். எவ்வளவு நேரம்தான் பட்டாணி உரிக்கிறது? பின் கண்ணாடி வழியா வெளியவே பார்த்துட்டு வந்தேன். நீங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டு, வண்டி பின்னால என்ன பண்ணுதுன்னு பார்த்துக்கிட்டு."

மாஸ்டர் இதை யோசித்தார். "அப்ப என்கிட்டதான் கத்துக்கிட்ட."

"பாதி" என்றார் மனைவி.

ஜன்னலில் விசிலின் கை நீண்டது. கையில் புதுச் சீட்டு. "மன்னிச்சுக்கங்கக்கா. நிறுத்தக்கூடாத இடம். கடமை."

"இங்க நிறுத்தச் சொன்னது யாரு தம்பி?"

விசில் கமிட்டியைப் பார்த்தான். கமிட்டி ஒட்டகச்சிவிங்கியைத் தேடியது. அது நூலகத்திலேயே இருந்துவிட்டது. அக்கா வண்டியை விட்டு இறங்காமலே ஆட்சேபம் தெரிவித்தார், அங்கேயே நின்றபடி கமிட்டி அந்தச் சீட்டையும் தள்ளுபடி செய்தது. விசில் ஒருமுறை நீளமாக ஊதிவிட்டு சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

உரிமம் புதுப்பிக்கப்பட்டது. பலகை இன்னும் காரின் தலையில்தான் இருக்கிறது. தபால் பெட்டியில் விழுந்த குழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பின் சீட்டில்தான் முதல் பாடம் வேண்டும் என்று புது மாணவர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள்.

மதியம் கடைத்தெருப் பக்கம் போனால் மஞ்சள் காரைப் பார்க்கலாம். ஓட்டுவது அக்கா. பின் சீட்டில் மடியில் பட்டாணிப் பையோடு, கழுத்து சுளுக்க வெளியே பார்த்தபடி ஒருவர் உட்கார்ந்திருப்பார். அங்கே பிரேக் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் தரையை மிதிக்கிறார்.

"என்னங்க" என்பார் முன்னாலிருந்து அக்கா, திரும்பாமலே. "காலை எடுங்க."