ஆர்லிஸின் கிராம்புக் குதிரைகள்

ரோஸ்டாலில் ஒருவருடைய பண்டம் வாயில் வைக்க முடியாமல் இருந்தால், அதைச் சொல்ல ஒரே ஒரு வழிதான் உண்டு. "வித்தியாசமா இருக்கு" என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்குக் கத்திரிப்பூ நிறம் அடித்தாலும், போதகர் ஒன்றரை மணி நேரம் பிரசங்கம் செய்தாலும், புது மருமகள் மூன்றே மாதத்தில் பெட்டியைக் கட்டினாலும் இதே சொல்தான். இதைவிடக் கடுமையாக ஊரில் யாரும் யாரையும் பேசியது கிடையாது. அமெரிக்காவின் வடகோடி, மின்னசோட்டாக் குளிரில் வாயைத் திறந்தால் உள்ளிருக்கும் சூடு வெளியே போய்விடும் என்ற பயமோ என்னவோ.

ஆர்லிஸ் ஹாகெருட் இந்த ஊரில் பிறந்து இந்த ஊரிலேயே அறுபத்தொன்பதைத் தொட்டவள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தோரு வருஷம் நின்றவள். கணவன் டெல்மர் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் போனால் மறுநாள் கழித்துக்கொள்வார். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர்கள் இருவருமே பேசிக்கொண்டதில்லை, ஊரும் பேசியதில்லை.

அவளுக்கு வருஷத்தில் ஒரு நாள் முக்கியம். டிசம்பர் முதல் சனிக்கிழமை, லுத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் பிஸ்கட் மாற்றிக்கொள்ளும் நாள். பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கு ஆறு டஜன். நீளமான மேசையில் பன்னிரண்டு டப்பாக்கள். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஆறு ஆறாக எடுத்து, கொண்டுவந்த கணக்குக்கே திரும்பிப் போவாள். பட்டியலில் புதுப் பெயர் சேர வேண்டுமென்றால் பழைய பெயர் ஒன்று கல்லறைக்குப் போக வேண்டும். டப்பா இல்லாமல் அந்த வரிசையில் யாரும் நின்றதில்லை. டெல்மரோடு பேசாத பேச்சையெல்லாம் ஆர்லிஸ் அந்த மேசையைச் சுற்றித்தான் பேசித் தீர்ப்பாள். மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளும் அந்த ஒரு நாளின் மேல் சாய்ந்துகொண்டு நின்றன.

அவள் கொண்டுபோவது இஞ்சி பிஸ்கட், குதிரை வடிவத்தில். அச்சு, டெல்மர் பழைய காபி டப்பாத் தகரத்தை வெட்டி வளைத்துச் செய்தது. வளைக்கும்போது ஒரு பின்னங்கால் குட்டையாகிவிட்டதால், நாற்பது வருஷமாக ரோஸ்டால் முழுக்க மூன்றரைக் கால் குதிரைகளைத்தான் தின்றுகொண்டிருந்தது. இஞ்சி, பட்டை, கருப்பான கரும்புப் பாகு, கடைசியில் கிராம்புப் பொடி. கிராம்புக்கு மட்டும் அளவு கிடையாது. மாவுக்கு மேலே மூக்கை வைத்துக்கொண்டு சிட்டிகை சிட்டிகையாகப் போடுவாள். வாசனை வந்து மூக்கைத் தட்டும் இடத்தில் நிறுத்துவாள். அவளுடைய அம்மாவும் அப்படித்தான்.

மூன்று குளிர்காலத்துக்கு முன்னால், அக்டோபர் கடைசியில், ஒரு காய்ச்சல் ஆர்லிஸைப் பத்து நாள் படுக்கப்போட்டது. எழுந்தபோது மூக்கு வேலையை விட்டுவிட்டுப் போயிருந்தது. காபி வெந்நீராக இருந்தது. வெங்காயம் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். "வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். இதைச் சொல்ல அவர் அத்தனை வருஷம் படித்திருக்க வேண்டாம்.

ஆர்லிஸ் யாரிடமும் சொல்லவில்லை, டெல்மரிடம்கூட. மூக்குப் போனவள் என்று தெரிந்தால் மேசையில் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். யாரும் போகச் சொல்லமாட்டார்கள். அன்பாகப் பேசியே வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

ஆகவே அந்த டிசம்பரில் மாவுக்கு மேலே மூக்கை வைத்துக்கொண்டு கிராம்பைப் போட்டாள். வாசனை வரவில்லை. இன்னும் போட்டாள். கண்ணில் நீர் வந்தபோது போதும் என்று நிறுத்தினாள். கருகும் வாசனையும் வராதே என்று ஓவனின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஆனால் கருப்பு மாவு கருகினால் கண்ணுக்கு என்ன தெரியும்? முதல் தட்டிலிருந்து டெல்மருக்கு ஒன்று கொடுத்தாள். அவர் வெகு நேரம் மென்றார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். அந்தப் பிப்ரவரியில், வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஊர் திரண்டு வந்தது. பதினேழு வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. எதற்கும் சுவையில்லை. துக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னபோது ஆர்லிஸ் தலையாட்டி வைத்தாள்.

அடுத்த டிசம்பரில் தனியாகச் சுட்டுக் கொண்டுபோனாள். மேசையின் முனையில் மார்டெல் ஸ்டென்விக் நின்றிருந்தாள். பட்டியல் அவள் கையில்தான் இருபது வருஷமாக இருக்கிறது. கடவுளிடம் ஒரு நகல் இருக்கலாம்.

"வந்துட்டியா ஆர்லிஸ் கண்ணு! குதிரை இல்லாம எங்களுக்கு கிறிஸ்துமஸே கிடையாதே!"

"இந்த வருஷம் கொஞ்சம் கெட்டியா வந்திருச்சோன்னு..."

"கெட்டியாதான் இருக்கணும். அப்பத்தான் ரொம்ப நாள் தாங்கும்."

ஆர்லிஸோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த லவான் பிரெக்கி ஒரு குதிரையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தலைப்பக்கம் ஓரமாக ஒரு துளி கடித்தாள். கன்னத்தை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி?" என்றாள் ஆர்லிஸ்.

"ஒண்ணுமில்ல. வித்தியாசமா இருக்கு."

என்ன வித்தியாசம் என்று கேட்க ஆர்லிஸ் வாயெடுத்தாள். ஆனால் அதற்குள் மார்டெல் காபியை ஊற்றிவிட்டாள்.

பத்து நாள் கழித்து, சாவுக்கு வந்த சாப்பாட்டுப் பாத்திரம் ஒன்று அலமாரியின் பின்னால் கிடைத்தது. அடியில் ஒட்டிய காகிதத்தில் மார்டெலின் பெயர். பத்து மாதம் கழித்துத் திருப்பித் தருவதே அவமானம். வெறும் பாத்திரமாகத் தருவது அதைவிட அவமானம். வாழைப்பழ ரொட்டி ஒன்றைச் சுட்டு உள்ளே வைத்து எடுத்துக்கொண்டு போனாள். அதில் கிராம்பு கிடையாது, எல்லாம் கரண்டி அளவு.

மார்டெலின் முன்னறையில் மரம் நின்றது. பொரித்த சோளத்தையும் சிவப்புக் கிரான்பெர்ரியையும் மாற்றி மாற்றிக் கோத்த சரம், காகித நட்சத்திரங்கள். நடுவே ரிப்பனில் தொங்கிக்கொண்டிருந்தன, மூன்றரைக் கால் குதிரைகள். ஆறு சிவப்பு ரிப்பனில். ஆறு பச்சை ரிப்பனில்.

ஆர்லிஸ் கிட்டே போய்ப் பார்த்தாள். கழுத்தில் துளை சுத்தமாக இருந்தது. வார்னிஷ் அடித்திருந்தது.

"துளை எப்படிப் போட்டே?"

"எங்க வீட்டுக்காரர் ரோஜர்தான் டிரில் வச்சுப் போட்டாரு" என்ற மார்டெல், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அவ்வளவு அழகா இருக்கு பாரு, தின்ன மனசே வரல. வீடெல்லாம் என்னமா மணக்குது! வர்றவங்க எல்லாரும் கேக்குறாங்க."

"பச்சை ரிப்பன் எந்த வருஷம்?"

"அது... போன வருஷத்து."

"அப்ப அதையும் தின்னல."

"காபி குடிக்கிறியா?" என்றாள் மார்டெல்.

ஆர்லிஸ் காபி குடித்தாள். எழுந்து போவது மரியாதையில்லை. வாழைப்பழ ரொட்டியை மார்டெல் வெட்டவில்லை. அதற்கும் ஒரு ரிப்பன் காத்திருந்ததோ என்னவோ.

அங்கிருந்து நேராக லவான் வீட்டுக்குப் போனாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என் பிஸ்கட் எப்படி இருந்துச்சு? உண்மையைச் சொல்லு."

"அதான் அன்னிக்கே சொன்னேனே..."

"லவான், எனக்கு மூக்கு செத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. வாசனை, ருசி ஒண்ணும் கிடையாது. இப்பச் சொல்லு."

லவான் நாற்காலியில் உட்கார்ந்தாள். "பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைப்பாங்கல்ல, அது மாதிரி. பாதி வாய் மரத்துப்போச்சு. ஞாயித்துக்கிழமை பாட்டு பாட முடியல. எங்க வீட்டுக்காரர் அதை வச்சு கராஜ் கதவுக்கு முட்டுக் கொடுத்தாரு."

"ஏண்டி, நேத்தாடி எனக்கு உன்னைத் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"இந்த வருஷம் எப்படிச் சொல்றது? டெல்மர் போயி பத்து மாசம்."

"போன வருஷம் இருந்தாரே!"

லவான் ஜன்னலைப் பார்த்தாள். "அவர்தான் சொல்லக்கூடாதுன்னாரு."

"யாரு?"

"டெல்மர்தான். அந்த சனிக்கிழமைக்கு ரெண்டு நாள் முன்னாடி போன் பண்ணாரு. எனக்கு மட்டுமில்ல, பதினோரு வீட்டுக்கும். 'அவளுக்கு மூக்கு போயிருச்சு. அவ எங்கிட்டச் சொல்லல, நானும் கேக்கல. பிஸ்கட் நல்லாருக்காது. எடுத்துக்கங்க, எதுவும் சொல்லாதீங்க.' அவ்வளவுதான், வச்சுட்டாரு."

தானியக் கிடங்கு பற்றி எரிந்தபோதுகூட டெல்மர் போனை எடுக்கவில்லை. வண்டியைத் தீயணைப்பு நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் நேரில் நின்று சுட்டிக்காட்டியவர். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஆர்லிஸ் யோசித்தாள். ஒரு நாள் அடுப்பில் பால் கருகியிருக்கிறது. அவள் அதே சமையலறையில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் உள்ளே வந்தார், அடுப்பை அணைத்தார், பாத்திரத்தைத் தேய்த்தார். "என்ன, இன்னிக்கு பாத்திரமெல்லாம் தேய்க்கிறீங்க?" என்று கேட்டதுகூட நினைவிருந்தது. "சும்மாதான்" என்றார். ஒரே கூரையின் கீழே நாலு மாதம், ஒரே விஷயத்தை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சொல்லாமலே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அன்னிக்கு ரெண்டு தின்னாரு" என்றாள் ஆர்லிஸ். "ஒண்ணு போதாதா? ரெண்டாவதையும் எடுத்தாரு."

லவான் எழுந்து அவளுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். "அடுத்த வருஷம் நான் வந்து மோந்து பாத்துச் சொல்றேன்டி. எங்க நிறுத்தணும்னு நான் சொல்றேன். சரியா?" என்றாள்.

"சரி" என்றாள் ஆர்லிஸ். அதை நம்பித்தான் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தாள். இஞ்சிப் பொடியைப் புதிதாக வாங்கி வைத்தாள்.

அடுத்த நவம்பரில் மார்டெல் போன் செய்தாள். "ஆர்லிஸ் கண்ணு, நாங்க எல்லாரும் பேசிக்கிட்டோம். உன் கை வேலைக்கு நிகரே கிடையாது. இந்த வருஷம் கீழ்த்தளத்துக்கு அலங்காரம் முழுக்க உன் பொறுப்பு. ஆரஞ்சை வட்டவட்டமா வெட்டிக் காயவச்சு மாலை கட்டுவாங்கல்ல, அது. பிஸ்கட் சுடுற பாரத்தையும் உன் தலையில வைக்க வேண்டாம்னு பாத்தோம். ரொம்ப நாளா இடம் கேட்டுக்கிட்டிருந்த ஷெர்லின் சும்மாதான் இருக்கா, அவ டப்பா கொண்டுவருவா."

லவான் வந்து மோந்து பார்ப்பாள், எல்லாம் சரியாக வரும் என்று ஆர்லிஸ் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் மார்டெல் அவ்வளவு இனிமையாகக் கேட்டிருந்தாள். அப்படிக் கேட்டால் ரோஸ்டாலில் ஒருவர் கிணற்றில்கூடக் குதித்துவிடுவார்.

"அதுவும் சரிதான்" என்றாள். "மாலை எத்தனை அடி வேணும்?"

"முப்பது."

நாற்பது ஆரஞ்சுகளை வெட்டினாள். ஓவனை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் காயவைத்தாள். ஒன்றும் கருகவில்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தால் தேவாலயத்துக் கண்ணாடி மாதிரி இருந்தன. வெள்ளிக்கிழமை மத்தியானம் சர்ச்சின் கீழ்த்தளத்தில் தனியாக ஏணி போட்டு முப்பதடியையும் கட்டினாள். மேசை வெறுமையாக இருந்தது. பன்னிரண்டு இடத்துக்கும் பெயர்ச் சீட்டு வைத்திருந்தார்கள். சீட்டுகளை அவள் படிக்கவில்லை.

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றரைக்கு போன் அடித்தது.

"எங்கடி இருக்கே?" லவானின் குரலுக்குப் பின்னால் கோப்பைகளின் சத்தம். "மாலையப் பத்தித்தான் எல்லாரும் பேசுறாங்க. கிளம்பி வா."

"எங்கிட்ட டப்பா இல்லையே."

"டப்பா கிடக்கட்டும். நீ சும்மா வா. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"அதுக்குத்தான் வரல" என்றாள் ஆர்லிஸ்.

லவானைப் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ஆர்லிஸ் போனை வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றினாள்.