சந்தனம் தின்ற நம்பர்

கிரைண்டர் நின்றது ஒரு வியாழக்கிழமை பின்னேரம். உழுந்து பாதி அரைபட்டிருந்தது. முதலில் ரப்பர் எரிகிற மணம், பிறகு ஒரு முனகல், பிறகு சத்தமே இல்லை. கறண்ட் போய்விட்டது என்று நினைத்து மின்விசிறியைப் பார்த்தேன். அது தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் தொடர்மாடியில் பல வீடுகளில் இரவுக்குத் தோசைதான். அந்த மா என் குசினியிலிருந்து போகும். கொழும்புக் கொட்டாஞ்சேனையில் ஒன்பது வீட்டுக்கும் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடைக்கும் நான் மா அரைத்துக் கொடுக்கிறேன். ஒரு கிழமை கொடுக்காவிட்டால் சுப்பர்மார்க்கட்டில் பக்கற் மா இருக்கிறது. பக்கற் மாவுக்குப் பழகின வீடு திரும்பி வராது. இரண்டு வீட்டை அப்படி ஏற்கெனவே பறிகொடுத்தவள் நான்.

மெஷின் வாங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஒரு வருட வொறன்டி. அதனால் முதல் பதற்றம் அடங்கினதும் எனக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது. ஏனென்றால் என்னிடம் எல்லாக் கடதாசியும் இருந்தது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வாசிக்கத் தெரியாத இடத்தில்தான் ஏமாற்றுவார்கள் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே ஏறின புத்தி. வெள்ளவத்தைக் கடையில் தந்த பில், நாள்போக எழுத்து மறைந்துவிடுகிற தாள். வீட்டுக்கு வருவதற்கு முன்பே இரண்டு போட்டோக்கொப்பி எடுத்தேன். ஒன்று அலுமாரியில், மற்றது அரிசி வாளிக்கு அடியில். வொறன்டி காட் என்று தந்த அட்டையில் கடைச் சீல் மங்கலாக விழுந்திருந்தது. இன்னொரு தரம் குத்தச் சொன்னேன்.

“அக்கா, என்ர கலியாண எழுத்துக்குக்கூட நான் இவ்வளவு சீல் பாக்கேல்லை” என்றார் முதலாளி.

சிரிக்கட்டும் என்று விட்டேன். பிறகு அழப்போவது நான்தானே.

இப்போது அதே முதலாளிக்குப் போன் எடுத்தேன். விற்கும்போது “என்ன பிரச்சினையெண்டாலும் என்னட்டை வாங்கோ” என்று சொன்ன வாய், “நாங்கள் விக்கிறது மட்டும்தானக்கா, மிச்சமெல்லாம் கொம்பனி. கிராண்ட்பாஸில சேர்விஸ் சென்ரர் இருக்கு” என்றது. ஷோகேசில் வைத்து ஓட்டிக் காட்டின மெஷினைத்தான் எனக்குப் புதுசு என்று கட்டித் தந்தாரோ என்று அந்த நிமிடமே எனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது.

வொறன்டி காட்டை எடுத்து மகளிடம் கொடுத்தேன். மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது. தமிழும் இருந்தது. ஆனால் அந்தத் தமிழ் எனக்கும் விளங்கவில்லை, மகளுக்கும் விளங்கவில்லை. அவள் இங்கிலீசை வாசித்தாள். வாசித்தவள் நடுவில் நின்றாள்.

“அம்மா, இது வீட்டுப் பாவனைக்கு மட்டுமாம். வியாபாரத்துக்குப் பாவிச்சா வொறன்டி இல்லையாம்.”

“எங்க எழுதியிருக்கு?”

விரலை வைத்துக் காட்டினாள். எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி.

“இதை வாங்கேக்க ஏன் வாசிக்கேல்லை?”

“நீங்கள் சீலைத்தானே பாக்கச் சொன்னனீங்கள்!”

அந்த நிமிடத்திலிருந்து நான் மா விற்காதவள் ஆனேன். ஆரும் வீட்டுக்கு வந்து பார்த்தால் என்ன செய்வது என்று, வெறும் டப்பாக்கள் எல்லாவற்றையும் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். “மெஷினை நாங்கள்தானே கொண்டுபோறம், அவை ஏன் இஞ்ச வரப்போகினம்?” என்றார் என் கணவர். இவருக்கு எதுவும் கடைசியில்தான் விளங்கும்.

மெஷினைப் பழைய பெட்சீட்டில் சுற்றி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நானும் மகளும் போனோம். என்ன சொன்னாலும் அங்கே விட்டுவிட்டு வருவதில்லை என்று முடிவோடு போனேன். விட்டால் உள்ளே கிடக்கிற மோட்டரைக் கழற்றிவிட்டு வேறெதையோ போட்டுவிடுவார்கள்.

“அது எரிஞ்ச மோட்டர்தானே அம்மா. அதைக் கழட்டி என்ன செய்யப்போகினம்?”

அவள் சொன்னது சரிதான். ஆனாலும் மெஷினிலிருந்து கையை எடுக்கவில்லை.

சேர்விஸ் சென்ரரில் இருந்தவர் என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு முஸ்லிம் மனுசன். கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்திருந்தார். அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்று கூப்பிட்டேன். காட்டைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், போட்டோக்கொப்பியையும் பார்த்தார். எல்லாம் சரி என்று தலையை ஆட்டினார். பிறகு மெஷினைத் திருப்பினார். ஆட்டின தலை நின்றது.

“இது என்னக்கா?”

“சந்தனம்.”

“நம்பர் எங்க?”

“அதுக்குக் கீழ இருக்கும்.”

எங்கள் வீட்டில் புதுச் சாமான் எது வந்தாலும் சந்தனமும் குங்குமமும் வைத்துத்தான் தொடுவோம். பிரிஜ்ஜுக்கு வைத்தோம், இவருடைய சைக்கிளுக்கு வைத்தோம். இது சோறு போடுகிற மெஷின் என்று இதற்கு மட்டும் வெள்ளிக்கு வெள்ளி வைத்தேன். ஈரத்துணியால் பழைய பொட்டைத் துடைத்துவிட்டுப் புதுசு. மினுங்குகிற ஸ்டீலில் சந்தனம் நிற்காது, காய்ந்ததும் உதிரும். பின்பக்கம் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில் நல்லாகப் பிடித்தது. அந்தப் பக்கம் சாமிப் படத்தைப் பார்த்தபடியும் இருந்தது. இதைவிடத் தோதான இடம் வேறெது?

நானா துணியை நனைத்து மெதுவாக ஒற்றி எடுத்தார். சந்தனம் போனது. கீழே முதல் ஐந்து இலக்கம் தெரிந்தது. மிச்சம் வெறும் மஞ்சள்.

“நம்பர் இல்லாட்டி கொம்பனி எடுக்காதக்கா. கள்ளச் சாமானெண்டு செல்லும்.”

“நான் கள்ளியோ?”

“நான் செல்லல்ல அக்கா. கொம்பியூட்டர் செல்லும்.”

வொறன்டி காட்டில் நம்பர் எழுத ஒரு கோடு இருந்தது. கடைக்காரர் அதை வெறுமையாக விட்டிருந்தார். இரண்டு தரம் சீல் குத்த வைத்த நான், சீலுக்குப் பக்கத்திலேயே இருந்த அந்த வெறும் கோட்டைக் காணவில்லை. வேண்டுமென்றுதான் விட்டிருப்பார் என்று எனக்கு அப்போது தோன்றியது. இப்போதும் அந்த எண்ணம் முழுதாகப் போகவில்லை.

“பெட்டி ஈக்குதா? பெட்டியிலயும் அதே நம்பர் ஈக்கும்” என்றார் நானா.

மகள் என்னைப் பார்த்தாள். எங்கள் அலுமாரிக்கு மேலே சீலிங் வரைக்கும் பெட்டிகள்தான். அயன்பெட்டியின் பெட்டி, கேத்தலின் பெட்டி, எப்போதோ செத்துப்போன ரேடியோவின் பெட்டி. ஒன்றையும் எறிய நான் விட்டதில்லை. இந்தக் கிரைண்டரின் பெட்டி ஒன்றுதான் வீட்டில் இல்லை. நல்ல மொத்தமான பெட்டி என்று, யாழ்ப்பாணத்தில் இருக்கிற தங்கச்சிக்குச் சாமான் கட்டி பஸ்ஸில் போட்டுவிட்டிருந்தேன்.

மெஷினைத் திரும்பவும் பெட்சீட்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து தங்கச்சிக்குப் போன் எடுத்தேன்.

“அந்தப் பெட்டியோ? அதில கோழி அடை கிடக்குது.”

“கோழியை இறக்கிப்போட்டுப் பார்.”

“உனக்கென்ன விசரே? இன்னும் நாலு நாளில பொரிக்கப்போகுது.”

“நம்பர் ஒண்டு வேணும். பெட்டியின்ர வெளிப்பக்கத்தில இருக்கும்.”

“வெளிப்பக்கத்தில இருக்கிறதுக்குக் கோழியை ஏன் இறக்கோணும்?”

“சரி, போட்டோ எடுத்து அனுப்பு.”

“பெட்டிக்கு மட்டுமோ, கோழிக்கும் சேத்தோ? பில்லுக்கு எடுத்தமாதிரி ரெண்டு கொப்பி எடுக்கட்டோ?”

போட்டோ வந்தது. மேலே கோழியின் ஒரு கண், என்னையே முறைக்கிற மாதிரி. கீழே கறுப்புக் கோடுகள், அதற்கும் கீழே நம்பர். ஸ்டிக்கரில் மிஞ்சின ஐந்து இலக்கத்தையும் போட்டோவில் இருந்த முதல் ஐந்தையும் மகளை வைத்து மூன்று தரம் ஒப்பிட்டேன். சரியாக இருந்தது.

நானா லீவில் நின்றதால் அடுத்த வாரம்தான் போகக் கிடைத்தது. அதற்கிடையில் மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக் கொடுத்துப் பார்த்தேன். மிக்சி சூட்டுக்கு மா பொங்கவில்லை. கீழ்மாடியில் இருக்கிற ஓய்வுபெற்ற ரீச்சர் டப்பாவைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

“பிள்ளை, இது மிக்சி மாதானே? நேற்றுச் சுட்டதை மடிக்கப் பாத்தன், முறிஞ்சுபோச்சு.”

அந்தக் கிழமை இரண்டு வீடு “இந்தமுறை வேண்டாம்” என்றது. எங்கே வாங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. குப்பை வாளியில் பக்கற்றைக் கண்டேன்.

இரண்டாம் தரம் நான் தனியே போனேன். நானா போட்டோவைப் பார்த்துச் சிரித்தார், பிறகு நம்பரைக் கொம்பியூட்டரில் அடித்தார். “உள்ளுக்கு எடுத்திட்டுது” என்றார். மெஷினைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினார். நான் அவருடைய தோளுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

உள்ளே காய்ந்த மா தட்டுத் தட்டாக ஒட்டியிருந்தது. ஸ்குறூட்ரைவரால் சுரண்டினார். சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது.

“கிழமைக்கு எத்தினை தரம் அரைக்கிற?”

“ரெண்டு.”

இன்னும் ஒரு தட்டுச் சுரண்டினார்.

“வீட்டில எத்தினை பேர்?”

“மூண்டு பேர்.”

“நல்லாச் சாப்பிடுவீங்க போல.”

“விருந்தாக்கள் வருவினம் நானா.”

“இந்த மாவுக்கு வார விருந்தாக்களுக்கு பஸ் பிடிக்கோணும் அக்கா.”

இப்போது சொல்லப்போகிறார், இப்போது சொல்லப்போகிறார் என்று நின்றேன். அவர் ஸ்குறூட்ரைவரால் பின்னால் இருந்த ராக்கையைக் காட்டினார். என்னுடையதைப் போலவே நாலு மெஷின்.

“எல்லாம் இதே மோட்டர். நீங்க சும்மா வச்சீந்தாலும் எரிஞ்சீக்கும்.”

பிறகு ஒரு போர்மில் இங்கிலீசில் எழுதினார். என்ன எழுதினீங்கள் என்று கேட்டேன்.

“எழுத வேண்டியதத்தான்.”

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. கையெழுத்து வைக்க முதல் போர்மைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அவளுடைய பதில் வரும்வரைக்கும் பேனையைத் தேடுகிற மாதிரி பையைக் கிண்டிக்கொண்டு நின்றேன். என் பேனை என் கையிலேயே இருந்தது. அவரும் கண்டிருப்பார்.

பதில் வந்தது: ‘வீட்டுப் பாவனை. மோட்டரில் பிழை. புது மெஷின் மாத்திக் குடுக்கவும்.’

கையெழுத்து வைத்தேன். மெஷினை விட்டுவிட்டும் வந்தேன். ஆனால் வழி முழுக்க ஒரே யோசனை. பொய் என்று தெரிந்தும் ஒரு மனுசன் ஏன் அப்படி எழுத வேண்டும்?

“ஒருத்தன் நல்லது செய்தாலும் உனக்குக் குத்தமோ?” என்றார் இவர்.

“சும்மா ஆர் செய்வினம்?”

பன்னிரண்டு நாளில் புது மெஷின் வந்தது. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே நம்பரைப் போட்டோ எடுத்தோம், காட்டில் எழுதினோம், கலண்டரின் பின்பக்கத்திலும் எழுதினோம். பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறியது. பொட்டு இப்போது மூடியில். பக்கற்றுக்குப் போன வீடுகளில் ஒன்று திரும்பி வந்தது. மற்றது இன்னும் வரவில்லை. ரீச்சர் தானே டப்பாவைக் கழுவிக்கொண்டு படியேறி வந்தார்.

அடுத்த வியாழக்கிழமை நானாவிடமிருந்து போன்.

“அக்கா, மெஷின் ஓடுதா?”

“ஓம் நானா. நல்லா ஓடுது.”

“நாளைக்கு எங்கட வீட்டுக்கும் ரெண்டு டப்பா மா எடுக்கேலுமா? மனுசிக்குத் தோசையெண்டா உசிர்.”

எனக்கு முன்னால் மேசையில் ஒன்பது டப்பா நிரப்பி வரிசையாக இருந்தது. மூடக்கூட இல்லை.

“நாங்கள் மா விக்கிறேல்லை நானா.”

“செரி அக்கா. செரி” என்றார். சிரித்தாரா, மனம் நொந்தாரா என்று குரலில் பிடிபடவில்லை.

அவர் வயிற்றுக்குக் கேட்டாரா, கொம்பனிக்குக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மகளும் இவரும் இரண்டு நாள் என்னோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. எனக்கு உதவி செய்த மனுசனை நான் அப்படி வெட்டிவிட்டிருக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் மாற்றித் தந்த மெஷினுக்கும் பழைய காட்டின் தவணைதானாம், மகள் வாசித்துச் சொன்னாள். அந்தப் போன் வந்து நாலு மாதமாகிறது, தவணை முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

முடிகிற நாளைக் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருக்கிறேன். அதற்கு மறுநாள் காலையில் நானாவுக்குப் போன் எடுப்பேன். இரண்டு டப்பா நிரப்பி, மூடியை இறுக்கி, நானே கிராண்ட்பாஸுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் மூன்று பேர்தான். நல்லாகச் சாப்பிடுகிறோம்.