பீட்ரூட் தடவிய கை

குணசேகரத்துக்கு சுவிஸின் வின்டர்தூர் நகர உணவகமொன்றின் சமையலறையில் வேலை கிடைத்தது எண்பத்தாறாம் ஆண்டில். நல்ல வேலைக்காரர். பொய் சொல்லும்போது மட்டும் முகம் தேவைக்கு மேல் சோகமாகிவிடும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஊர்ப் பெடியள் கிரிக்கெட் ஆட இருந்தார்கள்; குணசேகரத்துக்கும் போக ஆசை. லீவு கேட்டால் கிடைக்காது. பக்கத்தில் பீட்ரூட் வெட்டிக்கொண்டிருந்த மரியதாஸ் வழி சொன்னான்.

"மச்சான், இதைக் கையில தேய். சுட்டுப்போட்டுதெண்டு சொல்லு."

தேய்த்தார். சிவந்த கையைத் தூக்கிப் பிடித்தபடி தலைமைச் சமையல்காரி திருமதி ஹூபரிடம் போய் முனகினார். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிவப்பைப் பெருவிரலால் அழுத்தினார்.

"நோகுதோ?"

"ஓம், பயங்கரமா," என்றார் குணசேகரம், சற்றுப் பிந்தி.

"சின்னச் சூட்டுக்காயமெண்டால் அழுத்தின இடம் வெளிறி, விட்டதும் திரும்பச் சிவக்கும். தொட்டால் சுடும். கொஞ்சம் வீங்கும். உம்மட கை குளிருது." ஹூபர் தன் விரலை முகர்ந்தார். "பீட்ரூட் சலாட்டும் மணக்குது."

மரியதாஸ் பாத்திரத் தொட்டிக்குள் தலையை விட்டுச் சிரித்தான். மிச்சம் கிடந்த இரண்டு பெட்டி பீட்ரூட்டை வெட்டும் வேலையும் குணசேகரத்தின் தலையில் விழுந்தது.

மூன்று மணிபோல ஹூபர் ஒற்றைக் கையால் முட்டை உடைப்பதைக் குணசேகரம் கவனித்தார். மற்றக் கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"ஷெஃப், கையைக் காட்டுங்கோ."

"ஒண்டுமில்லை."

போறணை அடுப்பின் தட்டு பட்டுச் சுட்டிருந்தது. குணசேகரம் பெருவிரலால் அழுத்தினார். வெளிறியது. விட்டதும் சிவந்தது. ஹூபர் பிந்தாமல் கத்தினார்.

"கொப்புளம் இல்லை, தோலும் உரியேல்லை. ஆனால் இது அசல்," என்றார் குணசேகரம், பரம திருப்தியோடு. "வீங்கமுந்தி மோதிரத்தைக் கழட்டுங்கோ. இருபது நிமிஷம் குழாய்த் தண்ணிக்குக் கீழ பிடியுங்கோ."

ஹூபர் வெண்ணெயை எட்டி எடுத்தார். குணசேகரம் பறித்துவிட்டார். "அது பாணில பூசுறதுக்கு."

இருபது நிமிடமும் சமையலறை குணசேகரத்தின் கையில். இரண்டு இறைச்சித் துண்டுகள் கருகின. குழாயடியிலிருந்து ஹூபர் கத்தக் கத்த, "அசையாதேங்கோ" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை லீவு கேட்டபோது ஹூபர் காரணம் கேட்கவில்லை.

அதன் பிறகு சமையலறையில் யாருக்குச் சுட்டாலும் முதலில் குணசேகரத்திடம்தான் வந்தார்கள். கொப்புளம் கண்டால், பெரிய காயமென்றால், டொக்டரிடம் அனுப்பிவிடுவார். மற்றவர்களைக் குழாயடிக்கு.

ஒரு கோடைநாள் ஏரிக்கரை வெயிலில் கிடந்துவிட்டு மூக்குச் சிவக்க வந்தான் ஒரு பரிமாறுபவன். குணசேகரம் அந்த மூக்கையும் பக்குவமாக அழுத்திப் பார்த்தார்.

"இதுவும் சூடுதான்," என்றார்.

வெளியே மேசைகளில் சூப் ஆறிக்கொண்டிருக்க, அவன் குழாய்க்குக் கீழே மூக்கைப் பிடித்தபடி நின்றான்.