முக்குளிப்பவர் கடிகாரமும் ஆறாத தேத்தண்ணியும்

கேமரன் மலையில் முக்குளிக்க இடம் தேடினால் ரிங்லெட் பக்கத்து அணைக்கட்டு ஏரிதான் உண்டு. அதிலும் யாரும் முக்குளித்து நான் பார்த்ததில்லை. உள்ளே சேற்றைத் தவிர எதுவும் இல்லை என்பது ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட மலையில், எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கண்டக்டர் கடற்படை முக்குளிப்பவர்களுக்கான கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு வந்தார்.

கண்டக்டர் என்றால் பஸ்ஸில் சீட்டுக் கிழிப்பவர் அல்லர். கொழுந்து எடுக்கும் பெண்களை வேலைக்காட்டில் மேற்பார்ப்பவர். கப்பலில் வேலை செய்த அவருடைய மச்சான் வாங்கி வந்த கடிகாரம் அது. ஏதோ ஒரு நாட்டின் முக்குளிப்பு வீரர்களைக் கௌரவிக்க ஐந்நூறு மட்டுமே செய்தார்களாம். பின்மூடியில் செம்புத் தலைக்கவசம் அணிந்த வீரனின் உருவம், அதன் கீழே வரிசை எண். அதைத் திருப்பிக் காட்டுவதற்காக மட்டுமே கண்டக்டர் கடிகாரத்தைக் கழற்றுவார். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். வெந்நீர் இல்லாமல் அவர் குளித்ததும் இல்லை.

கடிகாரத்தின் ஆங்கிலக் கையேடு என்னிடம் வந்தது. நான் ஆபீஸ் கிராணி, கணக்கு எழுதுபவன். அச்சில் எது கிடைத்தாலும் கடைசி வரி வரை படிக்கும் பழக்கம் உள்ளவன். படித்துவிட்டு, முகப்பைச் சுற்றியிருந்த வளையத்தின் வேலையை அவருக்கு விளக்கினேன். வளையத்திலுள்ள முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்தால், அதன் பிறகு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை வளையமே காட்டும். கண்டக்டர் அன்றே அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். எதற்கு? பெண்களின் கால் மணி நேரத் தேத்தண்ணி இடைவேளைக்கு.

சில நாள்களில் பெண்கள் ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்ற அம்மாள் வாய்க்குப் பேர்போனவர்.

"கிராணி ஐயா, தேத்தண்ணி நாக்கச் சுடுது, அதுக்குள்ள எந்திரிங்கறாரு. இந்தக் குளிருல அடுப்பே ஆறிப் போவுது, எங்க தேத்தண்ணி மட்டும் ஆற மாட்டேங்குதே!"

"இது நேவி ஜாம்லா!" என்றார் கண்டக்டர். மலாயில் கடிகாரத்துக்கு ஜாம் என்று பெயர். "கடலுக்கடியில குண்டு எடுக்கிறவன் கட்டறது. தப்பாக் காட்டுமா?"

"நாங்க என்னா குண்டா எடுக்கிறோம்? கொழுந்துதானே எடுக்கிறோம். நாளைக்கும் இப்படின்னா, தேத்தண்ணி ஆறுற வரைக்கும் ஒருத்தியும் எந்திரிக்க மாட்டா, சொல்லிட்டேன்."

புகாரை எழுத்தில் வாங்க வேண்டும், எதிர்த்தரப்புக்குப் படித்துக் காட்ட வேண்டும், சங்கத் தலைவரை வைத்துக்கொண்டு சாட்சி கேட்க வேண்டும், பிறகு துரையிடம் அனுப்ப வேண்டும். முறை அதுதான். அதன்படி நடந்தால் தீர்ப்பு வருவதற்குள் கொழுந்து முற்றிவிடும். ஆகவே ஒரு குவளை தேத்தண்ணி போடச் சொல்லி, கண்டக்டரை ஆபீஸ் சுவர்க்கடிகாரத்தின் கீழே உட்கார வைத்தேன். "வழக்கமாக எப்படிப் பார்ப்பீர்களோ அப்படியே பாருங்கள்" என்றேன்.

அவர் வளையத்தைத் திருப்பி வைத்தார். குளிருக்குப் போட்டிருந்த கம்பளிச் சட்டையின் இறுக்கமான கை, கடிகாரத்தை மூடிக்கொண்டது. சற்று நேரத்தில் சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தார். 'டிக்' என்று ஒரு சத்தம். மூடினார். மறுபடி தள்ளினார். மறுபடி 'டிக்'. தளர்ந்த வளையம் துணியில் மாட்டி ஒவ்வொரு முறையும் நகர்ந்துகொண்டிருந்தது.

"இவரு நேரமா பார்க்கிறாரு? அழகு பார்க்கிறாரு!" என்றார் அந்த அம்மாள்.

"டைம் ஆச்சு" என்று கண்டக்டர் எழுந்தபோது சுவர்க்கடிகாரத்தில் ஐந்து நிமிடம் பாக்கி இருந்தது. அம்மாள் குவளைக்குள் விரலை விட்டு, விட்ட வேகத்தில் எடுத்தார்.

அந்த வளையம் ஒரு பக்கமாகத்தான் திரும்பும். தற்செயலாக நகர்ந்தாலும், ஆனதைவிட அதிக நேரம் ஆனதாகவே காட்டும். தண்ணீருக்குள் இருப்பவன் பயந்து சீக்கிரம் மேலே வந்துவிடுவான். காற்று மிச்சம், உயிரும் மிச்சம். என் உத்தியோக காலத்தில் நான் படித்த விதிமுறைகளில், கீழே இருப்பவனுக்குச் சாதகமாகத் தவறும்படி செய்யப்பட்டது அது ஒன்றுதான். நம் கண்டக்டர் அதைத் தலைகீழாக ஆக்கியிருந்தார். மூச்சு வாங்க மேலே வந்தவர்களைச் சீக்கிரமாகத் திரும்ப முக்கிக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்கு இனிமேல் வளையத்தைத் தொடக்கூடாது, முள்ளைப் பார்த்தால் போதும் என்றேன். பதக்கத்தைப் பறித்துவிட்டதுபோல் அவர் முகம் சுருங்கியது. பாவமாக இருந்தது. "வேலை முடியும் கடைசி ஒரு மணி நேரத்தை வேண்டுமானால் வளையத்தில் பாருங்கள்" என்று சேர்த்துச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அம்மாள் கடிகாரத்தை ஒரு முறை பார்த்தார், கம்பளிச் சட்டையை ஒரு முறை பார்த்தார்.

அடுத்த வாரம் ஒரு பிற்பகல், வேலை முடியும் அந்தக் கடைசி மணி நேரத்தில், வேலைக்காட்டுப் பக்கம் போக நேர்ந்தது. கண்டக்டர் வருவதைக் கண்டால் அடுத்த நிரைக்கு நகரும் பெண்கள், அவரை அருகே அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, அந்தக் கடல் ஜாம ஒருக்கா காட்டுங்களேன்."

"நேத்துதானே பார்த்த?"

"நான் பார்த்தேன், என் மருமக பார்க்கலயே."

கண்டக்டர் பூரித்துப்போய்க் கம்பளிச் சட்டைக் கையை ஏற்றினார். 'டிக்' என்றது. மருமகளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் முறை வைத்துக் காத்திருந்தார்கள்.

அன்று கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு அவர்கள் வேலை நேரம் முடியக் கால் மணி இருக்கும்போதே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நிறையில் குறைவில்லை. புகார் இருந்தால்தான் விசாரணை என்பது நடைமுறை. கண்டக்டர் அவ்வளவு சந்தோஷமாக இருந்த அந்த வருடத்தில் யார்தான் புகார் கொடுப்பார்கள்?