மார்க்கத்து வீட்டுச் சீதனப் பெட்டி

என் கணவருக்குத் தளபாடப் பைத்தியம் பிடித்தது தொண்ணூறுகளின் நடுவில், நூலகத்திலிருந்து அவர் தூக்கி வந்த ஒரு தடித்த புத்தகத்தால்தான். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போய் நிலம் உழுத கமக்காரர்கள் தங்கள் ஊர் முறைப்படி செய்த மரச்சாமான்களை எப்படி இனங்காண்பது என்று அதில் எழுதியிருந்தது. மனிதருக்கு வங்கியில் வேலை. ஒரு ஆணி நேராக அடிக்கத் தெரியாது. ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும், தேத்தண்ணீர் வருமுன்பே கதிரையைக் கவிழ்த்துப் பார்த்துவிடுவார். என் மானம் கப்பலேறும்.

எங்களோடு இருந்த என் தங்கைக்கு மார்க்கம் நகரில் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பொறியியலாளர், சொந்த வீடு, சாதகமும் பொருத்தம். இதைவிட வேறென்ன வேண்டும்? அவர்கள் கூப்பிட்டதால் தங்கையையும் கூட்டிக்கொண்டு போனோம்.

"அங்கை போய் ஒண்டையும் நோண்டாதேங்கோ" என்று காரில் வழி முழுக்கச் சொன்னேன்.

"ஓம், ஓம்" என்றார்.

ஹோலில் வெள்ளை நிறத்தில் பெரிய மரப்பெட்டி ஒன்று இருந்தது. சொல்லிச் செய்வித்த புதுப் பெட்டி என்றார் மாப்பிள்ளையின் தாய். மாப்பிள்ளை தொலைக்காட்சியில் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீதனம் எண்டு நாங்கள் ஒண்டும் எதிர்பாக்கேல்லை" என்று தாய் தொடங்கினார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் இவரைக் காணவில்லை. நிலத்தில் முழங்காலில் நின்று பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அன்ரி, உது புதுசில்லை! மூலையைப் பாருங்கோ, ஆணியே இல்லாமல் பலகைக்குள்ளை பலகையைக் கோத்திருக்கு. பெயின்ற் உரிஞ்ச இடத்திலை பழைய ரியூலிப் பூவும் தெரியுது. என்ரை புத்தகத்திலை இருக்கிற மாதிரியே, அந்த ஜெர்மன்காரர் பொம்பிளைப் பிள்ளையளுக்குக் கலியாணத்துக்குக் குடுத்துவிடுறது. உது சீதனப் பெட்டி!"

தாயின் முகம் கறுத்தது. "எங்கடை வீட்டிலை ஆரின்ரை சீதனமும் இல்லை" என்றார். பலகாரத் தட்டை அதற்குமேல் யாரும் தொடவில்லை.

மறுநாள் அவர்களிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பொருந்திய சாதகம் ஒரே இரவில் பொருந்தாமல் போய்விட்டதாம். குசினியில் வைத்து இவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். "ஒரு பழைய பெட்டிக்காக இந்தப் பிள்ளையின்ரை வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டியளே!" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கோப்பை கழுவிக்கொண்டிருந்த தங்கை தண்ணீரை நிறுத்தினாள்.

"அத்தானை ஏசாதேங்கோ அக்கா. அவர் அந்தப் பெட்டியையாவது கிட்டப் போய்ப் பாத்தவர். அந்த ஆள் என்னோடை ஒரு சொல்லாவது கதைச்சவரோ எண்டு நீங்கள் பாத்தனீங்களோ?"